எழும்பூரில் கோப்பை, அடையாறில் யார் கையில் மட்டை?

2025 டிசம்பர் 10 அன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் கடைசிக் கால்பகுதி தொடங்கியபோது, இந்திய ஜூனியர் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. அடுத்த பத்துப் பதினைந்து நிமிடங்களில் நான்கு கோல் அடித்து வெண்கலத்தைக் கைப்பற்றியது. அன்றே நடந்த இறுதிப் போட்டியில் ஜெர்மனி, ஸ்பெயினை ஷூட் அவுட்டில் வென்றது. முதன்முறையாக 24 அணிகள் ஆடிய ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை அது. சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்திய அந்தப் போட்டியை, காங்கேயம் காளையைச் சின்னமாக வைத்து அரசு ஊர் முழுக்க விளம்பரப்படுத்தியது. ஏற்பாடுகளைக் குறை சொல்ல வழியில்லை. ஆனால் வெண்கலம் வாங்கிய அந்த 18 பேரில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன்கூட இல்லை. ஒடிசா, பஞ்சாப், மணிப்பூர், கர்நாடகம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நம் திடலில் ஆட, நாம் கை தட்டினோம். கை தட்டியதில் தவறே இல்லை. போட்டியை நடத்தினாலே ஆட்டம் வளர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் தவறு.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கச் சென்னையை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1901-லேயே ஹாக்கிப் போட்டி நடத்தத் தொடங்கிய ஊர் இது. 1996-லும் 2005-லும் சாம்பியன்ஸ் டிராபி இங்கே நடந்தது. 2007 ஆசியக் கோப்பை இறுதியில் தென் கொரியாவை 7-2 என்று இந்தியா நொறுக்கியதும் இங்கேதான். 2023 ஆகஸ்ட் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் பாகிஸ்தானை 4-0 என வென்ற இரவும், இறுதியில் மலேசியாவிடம் இடைவேளையில் 1-3 எனப் பின்தங்கி 4-3 என மீண்ட இரவும் எழும்பூர் கண்டவை. அந்த 2023 அணியில் ஆடிய ஒரே தமிழ்நாட்டு வீரர் கார்த்தி செல்வம். அவர் அரியலூர்க்காரர். மட்டை பிடித்துத் தேறியது கோவில்பட்டியில், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி விடுதியில். 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு அவரோடு தேர்வான மாரீஸ்வரனும் கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைதான். உலகக் கோப்பை எதுவும் கோவில்பட்டிக்குப் போனதில்லை. ஆண்டுதோறும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கிறது, பள்ளிக்கூடங்களில் அணிகள் இருக்கின்றன, மாலையானால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அந்தச் சிறுநகரம் ஆட்டக்காரர்களைத் தருகிறது. நூற்றாண்டு கடந்த போட்டி மரபு கொண்ட தலைநகரமோ பார்வையாளர்களைத் தருகிறது.

ஒடிசாவைப் பார்க்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. புவனேஸ்வரத்திலும் ரூர்கேலாவிலும் உலகக் கோப்பை நடத்தி, 2018 முதல் தேசிய அணிக்கே புரவலராக இருந்து ஒடிசா ஹாக்கியின் தாய்வீடு ஆகிவிட்டதே என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான், ஆனால் காலவரிசையைத் தலைகீழாக வாசிக்கிறது. சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடி ஊர்களில் ஹாக்கி தலைமுறை தலைமுறையாக ஆடப்படுகிறது. திலீப் திர்க்கி அந்த மண்ணிலிருந்து இந்திய அணிக்குப் போன காலத்தில் அங்கே எந்த உலகக் கோப்பையும் இல்லை. ரூர்கேலா பான்போஷ் விளையாட்டு விடுதி பையன்களைச் சேர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தது. பெரிய அரங்கம் பின்னால் வந்தது. அப்போதும் அரங்கத்தோடு நிறுத்தாமல், சுந்தர்கரின் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை போடும் திட்டத்தை அந்த அரசு கையில் எடுத்தது. நாம் பார்த்துப் பின்பற்ற வேண்டியது அந்த 17 தரைகளை. தமிழ்நாட்டு அரசின் கண்ணில் முதலில் படுவது அரங்கமாகவே இருக்கிறது. மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பைக்காகப் புதிய திடல் எழும்பியது நல்ல தொடக்கம் என்பதையும் மறுக்கவில்லை.

ஹாக்கி சென்னைப் பிள்ளைகளின் கையைவிட்டுப் போனதற்குத் தரைக்கும் பங்குண்டு. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆட்டம் நடந்தது. முந்தைய ஆண்டுதான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. 1980-ல் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வந்தது. அதன் பிறகு ஒலிம்பிக் பதக்கத்துக்கு டோக்கியோ வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. மண் தரையில் பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோகும் கை லாகவத்துக்குப் புதிய தரையில் மதிப்புக் குறைந்தது. வேகமும் உடல்வலுவும் முன்னுக்கு வந்தன. அந்த வேகம் பழக அந்தத் தரையே வேண்டும். 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள். 2019 கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்த ஊரில் வார்டுக்கு ஒரு தண்ணீர்த் தரை கேட்பது நடக்கிற காரியமல்ல. கேட்கவும் கூடாது.

கேட்க வேண்டியது சின்னத் திடல். அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஹாக்கிக்கு 40 மீட்டர் நீளமும் 28 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். இதை யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2018 பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் இந்தியப் பையன்களும் பெண்களும் வெள்ளி வாங்கியது இந்த ஆட்டத்தில்தான். எழும்பூரில் கோப்பை வாங்கிய ஜெர்மனியிலும் குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் ஆடுவது கூரைக்குக் கீழே, சின்ன ஆடுகளத்தில். நெருக்கடியான இடத்தில் பந்தை வாங்கவும் கொடுக்கவும் கை பழகுவது அங்கேதான். வேளச்சேரி, தரமணி, திருவான்மியூரையும் உள்ளடக்கிய அடையாறு மண்டலத்தில் முழு அளவு மைதானத்துக்கு இடம் தேடினால் ஐ.ஐ.டி. வேலியிலோ பெரிய தனியார் பள்ளிகளின் மதிலிலோ போய் முட்டிக்கொள்வோம். 40-க்கு 28 என்றால் மாநகராட்சிப் பள்ளி வளாகங்களையும் விளையாட்டுத் திடல்களையும் அளந்து பார்க்கலாம். கால்பந்துக்குப் போடும் நீண்ட செயற்கைப் புல்லில் ஹாக்கிப் பந்து உருளாது. குட்டையான இழையும் மணலும் உள்ள தரை வேண்டும், அதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. யாரிடமும் காசு வாங்கவும் கூடாது. 2024-ல் மாநகராட்சியின் கால்பந்துத் திடல்களில் கட்டணம் வசூலிக்க மன்றத்தில் தீர்மானம் வந்ததும் எழுந்த எதிர்ப்பும், அது உடனே திரும்பப் பெறப்பட்டதும், அந்தத் திடல்களை நம்பியிருப்பவர்கள் யார் என்பதைச் சொல்லிவிட்டன.

அடையாறுப் பிள்ளைக்குக் கிரிக்கெட் இருக்கிறது, டென்னிஸ் இருக்கிறது, ஹாக்கியைக் கோவில்பட்டிக்கே விட்டுவிடலாமே என்று ஒரு வாதமும் வரும். டென்னிஸ் இருப்பது காந்தி நகரிலும் இந்திரா நகரிலும் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு. அதே மண்டலத்தில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு விளையாட்டு என்பது பி.டி. பீரியடில் கிடைப்பது மட்டுமே. ரயில்வே, வங்கி, போலீஸ் அணிகள் ஹாக்கிக்காரர்களுக்கு வேலை கொடுத்த காலத்தில் அப்படிப்பட்ட வீடுகள் பல இந்த ஆட்டத்தால் தலையெடுத்தன. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இன்றும் 3 விழுக்காடு இடம் இருக்கிறது. மட்டையைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு அந்த இடத்தால் பயனில்லை.

எழும்பூருக்கு வருவோம். பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்ட அதே வகைத் தரை 2023-லேயே அங்கே விரிக்கப்பட்டுவிட்டது. பெசன்ட் நகரிலிருந்து கிளம்பும் 23சி பேருந்து எழும்பூர் வழியாகத்தான் போகிறது. ஆனால் நான்கு மணிக்குப் பள்ளி விட்டு, அந்த நெரிசலில் போய்ச் சேர்ந்து, பயிற்சி முடித்து வீடு திரும்பப் பத்து வயதுப் பிள்ளையால் தினமும் முடியாது. வாரம் ஒரு நாள் முடியும். மற்ற நாட்களுக்கு அதன் பள்ளிக்குப் பக்கத்திலேயே சின்னத் திடலும், பத்து இருபது மட்டைகளும், மாதச் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் ஒருவரும் வேண்டும். அடுத்த பன்னாட்டுப் போட்டிக்கு அரசு கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே இந்தச் செலவையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். எத்தனை திடல்கள், எந்தெந்த மண்டலத்தில், எந்தத் தேதிக்குள் என்பது போட்டியின் சின்னத்தை அறிமுகப்படுத்தும் மேடையிலேயே அறிவிக்கப்பட வேண்டும்.