சுங்குடி உடுத்திச் சமணர் மலைக்கு

மதுரை பசுமலைப் பிள்ளைகளிடம் பயணக் கனவைக் கேட்டால் பாரிஸ், சுவிட்சர்லாந்து, சியோல் என்கிறார்கள். போகட்டும், போகத்தான் வேண்டும். அங்கே எதை உடுத்தி நிற்பார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. மதுரைச் சுங்குடியைப் பெட்டியில் எடுத்துவைக்க ஏன் தோன்றுவதில்லை? சௌராஷ்டிரப் பெண்கள் பருத்தித் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சிட, பிறகு சாயத்தில் நனையும் சேலை அது. முடிச்சை அவிழ்த்த இடமெல்லாம் புள்ளி பூக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கைவேலை என்பதால் புள்ளிகள் அச்சாக ஒன்றுபோல் இரா, அதுதான் அழகு. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தும், சுங்குடி என்ற பெயரில் கடைகளில் அதிகம் தொங்குவது அச்சுப் புள்ளிதான். விலை பார்த்து அதை வாங்குவோரைக் குறை சொல்லமாட்டேன். கைமுடிச்சு எது என்று கேட்டாவது பாருங்கள், கேட்பவர் இருந்தால்தான் கடைக்காரர் வரவழைப்பார். உடை இந்த ஊரில் சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீட்டில்தான். பாரிஸுக்கு விசா கிடைக்கும்போது கிடைக்கட்டும். இந்த ஞாயிறு கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கிளம்புங்கள்: தாமரைக் குளம், ஆலமர நிழல், அய்யனார் கோயில், படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. பாறை சூடேறுமுன் காலையிலேயே ஏறிவிடுங்கள். அந்த வெயிலுக்குச் சுங்குடிப் பருத்தியைவிட இதமான துணி எனக்குத் தெரிந்து இல்லை. சேலை வேண்டாம் என்றால் சுடிதார், சட்டையாகத் தைத்துக்கொள்ளலாம்.