ஜனவரியிலும் வாருங்கள்



டிசம்பர் பிறந்ததும் சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் குழந்தைகள் இல்லங்களுக்கு வேன்கள் வரத் தொடங்கிவிடும். ஒரு நாள் சபை வாலிபர்கள், மறுநாள் கல்லூரி மாணவர்கள், அடுத்த நாள் வேலூரிலிருந்து ஒரு குடும்பம். கேக், புதுத்துணி, பிரியாணி, இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து நின்று ஒரு படம். பிள்ளைக்குப் புதுச் சட்டை கிடைப்பது நல்ல காரியம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஜனவரியில் அதே வாசலில் ஒரு வண்டியும் நிற்பதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. உங்களிடம் நான் கேட்க வந்தது அந்த ஜனவரியைத்தான்.

பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் இந்த ஊழியம் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியபோது சித்தூரும் திருப்பதியும் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. தாது வருஷப் பஞ்சம் இந்த மண்ணைச் சுட்டெரித்தபோது வேலூரில் பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்த ஆறு வயதுச் சிறுமிதான், பிற்பாடு சி.எம்.சி. மருத்துவமனையை எழுப்பிய ஐடா ஸ்கடர்.

திருப்பதியில் ஜெர்மானிய ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் ஒரு பள்ளி நடத்தியது. 1896இல் திருத்தணியிலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் அங்கே படிக்க வந்தான். அவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அந்த வகுப்பறைகளில் இந்து சமயத்தின்மேல் கேட்ட விமர்சனங்களே தன்னை வேதாந்தம் படிக்கத் தூண்டின என்று அவரே எழுதியிருக்கிறார். கற்றவற்றைக் கொண்டே கற்பித்தவர்களோடு வாதாடிய மாணவர் அவர். அவர் பிறந்த செப்டம்பர் 5ஐத்தான் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. கிறிஸ்தவப் பள்ளிகள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய கதை இது என்பேன். இல்லத்துப் பிள்ளை நம் கையில் பாடம் படிக்கிறது. அதனாலேயே அதன் அம்மாவின் சாமியை மாற்றும் உரிமை நமக்கு வந்துவிடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்விக்கூடத்தில் காப்பாளரின் சம்மதமில்லாமல் சிறாரைச் சமய போதனையில் உட்கார வைக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவும் சொல்கிறது. நான் விசுவாசிக்கிற அன்புக்கு அந்தச் சட்டம் இடைஞ்சலாக ஒருநாளும் தோன்றியதில்லை.

போய் என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பாடமோ இப்போது பாதிக்கு மேல் ஆங்கிலத்தில். ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று ஆந்திர அரசு 2020க்குப் பிறகு பாடநூல்களை இருமொழியில் அச்சிடுகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இரண்டு பக்கமுமே மேடுதான். "அரை ரொட்டியில் பாதி எவ்வளவு?" என்று தமிழில் கேட்டால் சட்டென்று சொல்லும் பிள்ளை, அதையே புத்தகத்தில் பார்த்ததும் வாயடைத்துப் போகிறது. இரண்டு மொழியும் தெரிந்த சித்தூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதிப் பயம் விலகிவிடும். இதற்கு பி.எட். தேவையில்லை.

முறை ஒன்று தேவை. 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு அதைக் காட்டித் தந்தது. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு இன்று எதுவரை வருகிறது என்று பார்க்க வேண்டும். எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் ஒரு வட்டம், சொல் படிப்பவர்கள் ஒரு வட்டம், பத்தி படிப்பவர்கள் ஒரு வட்டம். ஆறாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே வட்டத்தில் உட்காரலாம். நம் நாட்டில் தொண்டர்களைக் கொண்டு வளர்ந்த இந்த முறை இன்று மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, ஐவரி கோஸ்ட் வரை போயிருக்கிறது.

அதே கானாவிலிருந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து நல்ல மனம் கொண்ட இளைஞர்கள் பணம் கட்டி, சில வாரங்கள் அநாதை இல்லங்களில் பாடம் சொல்லப் போனார்கள். அவர்கள் வருகையை நம்பியே புதுப்புது இல்லங்கள் முளைத்தன. விசாரித்தபோது, உள்ளே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமைதான் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தது. கானா அரசு பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் வேலையில் இறங்கியது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையும் இப்படிப்பட்ட இல்லச் சுற்றுலா பிள்ளைகளுக்குக் கேடு என்று தீர்மானத்தில் பதிவு செய்தது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. ஆகவே போகும் இடம் அந்தச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சான்றிதழைத் தாங்களே எடுத்துக் காட்டுவார்கள், உங்களைப் பற்றியும் விசாரிப்பார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை எங்கேயும் போடாதீர்கள். அவர்கள் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி குற்றம்.

பிள்ளை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். நான்கு வாரம் போய் நின்றுவிட்டால், இன்னொருவர் விட்டுப் போனதாகத்தான் அது எண்ணும். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்தவர். 1951இல் டோனாவூரில் கண்மூடும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. நம்மில் பலரால் அவ்வளவு முடியாது. ஆனால் ஜூனில் பள்ளி திறந்து ஏப்ரலில் மூடும்வரை, வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கூடும். வர முடியாத வாரத்தில் முன்கூட்டியே சொல்லி அனுப்புவதும் கூடும்.

பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கு வேறு வகைத் துணை வேண்டும். பதினெட்டு வயதானதும் இல்லத்தை விட்டு இறங்க வேண்டும். பாலிடெக்னிக் விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, முதல் வாடகை அறை என்று எல்லாம் ஒரே மாதத்தில் தலைமேல் விழும். இருபத்தொரு வயதுவரை பின்பராமரிப்பு உதவிக்குச் சட்டத்தில் இடமுண்டு; அதைப் பிள்ளையோடு போய்க் கேட்டு வாங்கித் தர ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும். பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்க்க நினைக்கிற தாய்க்கு, அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது என்று சொல்வதும் ஊழியம்தான்.

உங்களில் சிலர் இதைப் பல வருஷமாகச் சத்தமில்லாமல் செய்து வருகிறீர்கள். எப்படித் தொடங்கினீர்கள், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் திணறுகிறார்கள், என்ன செய்ததும் புரிந்தது என்று எழுதுங்கள். பிள்ளையின் பெயரும் இல்லத்தின் பெயரும் வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்படி ஜனவரி இதழில் அந்தக் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்