பானைக்கு மரியாதை, குயவருக்கு?

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்த பாண்டங்களைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை சென்னை மியூசியத்துக்குப் போயின. தோண்டியவர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. பெரிய தாழிகளை வனைந்த கைகளுக்குப் பெயரே இல்லை!

அது பழங்கதை என்று விட்டுவிடலாமா? இன்றைய நிலை என்ன?

நகரங்களில் வசதி படைத்தோர் கைவினை மண்பாண்டங்களைத் தேடி வாங்கிச் சேகரிக்கிறார்கள். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தில் பயின்ற பலர் இன்று பேர்பெற்ற கலைஞர்கள். அவர்கள் செய்யும் கோப்பைக்குச் செய்தவர் பெயர் உண்டு; பெயருக்கேற்ற விலையும் உண்டு. இதை நாம் குறை கூறவில்லை. கையால் உழைப்பவருக்குப் பெயரும் விலையும் கிடைப்பது நல்லதே. அதே நியாயம் சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியின் குயவருக்கு ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

குளத்து மண்ணை உலர்த்தி, உடைத்து, சலித்து, மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். சக்கரத்தில் வனைந்த பானையை ஈரம் முற்றும் காயுமுன் பலகையால் தட்டித் தட்டி அடிப்பாகத்தை மூட வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, சூளையில் அடுக்கிச் சுட வேண்டும். மண் சலிப்பதும் சுமப்பதும் பெண்கள். அவர்கள் உழைப்புக்குத் தனிக்கூலி ஏது? இத்தனைக்கும் பிறகு விலையை நிர்ணயிப்பவர் வியாபாரி. உடைந்த பானையின் நஷ்டம் மட்டும் குயவருக்கு!

எல்லாவற்றுக்கும் மூலம் மண். குளம் வற்றும் கோடையில்தான் அதை வெட்ட முடியும். அனுமதிக் காகிதம் வருமுன் தண்ணீர் வந்துவிட்டால் அந்த ஆண்டின் தொழிலே போயிற்று. மண்பாண்டத் தொழிலுக்குக் குளத்து மண்ணை இலவசமாக எடுக்கச் சிறு கனிம விதிகளில் இடமிருக்கிறது. தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024இல் விதி தளர்த்தவும்பட்டது. நல்லது. ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் பானை ஆகாது. மண் வீட்டு வாசலுக்கு வந்தால்தான் பானை ஆகும்.

ஆகவே நாம் கோருகிறோம்: கோடை தொடங்கும்போதே மண் எடுக்க அனுமதி வேண்டும். சக்கரம் ஓடாத மழை மாதங்களில் தொழிலாளர் அனைவருக்கும், பெண்களுக்கும், நிவாரணம் வேண்டும். பொங்கல் பரிசுத் தொகுப்பில் புதுப்பானை சேர்த்து, அதைக் குயவரிடமே சர்க்கார் நேரடியாக வாங்க வேண்டும். இது குயவர்கள் பல்லாண்டாக எழுப்பிவரும் கோரிக்கை.

பானை சேகரிப்போரே, உங்கள் ரசனை வாழ்க! அடுத்த முறை குயவரின் வாசலுக்கே வந்து வாங்குங்கள், பெயரைக் கேளுங்கள், பேரம் பேசாதீர்கள்.

ஆலைத் தோழர்களே, விவசாயத் தோழர்களே! நாம் நூற்ற நூலிலும் நாம் அறுத்த நெல்லிலும் நம் பெயர் இல்லை. பெயரில்லாத உழைப்பின் வலி நமக்குத் தெரியும். குயவர் மண் கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் நாளில், அவர் தனியே நிற்கலாகாது. நாமும் உடன் நிற்போம்.