பக்கவாட்டு வாசலில் வரும் பெரியவர்கள்

"இருபது வருஷம் கார்ப்பரேட்டில் குப்பை கொட்டியாச்சு, வீட்டுக் கடனும் முடிஞ்சாச்சு, இனி நாட்டுக்கு ஏதாவது செய்யணும்" என்று ஒருவர் கிளம்பினால் போதும், நம்மாட்களுக்குக் கண் கலங்கிவிடும். கோடி ரூபாய் சம்பளத்தை உதறிவிட்டு வந்தாராம்! வரட்டும் சாமி, நான் குறுக்கே நிற்கவில்லை. எந்த வாசல் வழியாக வருகிறார், எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்று கேட்கக் கூடாதா?

2018 ஜூனில் மத்திய அரசு 10 இணைச் செயலாளர் பதவிகளுக்கு வெளியாட்களைக் கூப்பிட்டது. 40 வயது, 15 வருட அனுபவம், மூன்று வருட ஒப்பந்தம். இடஒதுக்கீடு? ஒவ்வொன்றும் தனித்தனிப் பதவி, அதனால் கிடையாதாம். பத்தையும் ஒன்று ஒன்றாக எண்ணினால் ஒன்றுதான் என்பது எந்த ஊர்க் கணக்கோ! 2024 ஆகஸ்டில் அதே கணக்கோடு 45 பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. விளம்பரம் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் வாபஸ்.

இதைச் சொன்னால் உடனே மன்மோகன் சிங்கை இழுப்பார்கள். அவர் 1971ல் அரசாங்கத்துக்குள் வந்தது கம்பெனியிலிருந்து இல்லை அய்யா, பல்கலைக்கழகத்திலிருந்து. நிதியமைச்சர் ஆனது 1991ல். நடுவில் இருபது வருஷம்!

கம்பெனியிலிருந்து வந்தவர் என்றால் நந்தன் நிலேகனி. 2009ல் இன்ஃபோசிஸை விட்டு கேபினட் அந்தஸ்தோடு ஆதார் ஆணையத்தின் தலைவர் ஆனார். 2016க்குள் நூறு கோடிப் பேருக்கு எண் கொடுத்தாகிவிட்டது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆதாருக்கென்று சட்டம் வந்ததே 2016ல்தான். முதலில் சரக்கைச் சந்தைக்கு விடு, ஓட்டை உடைசலைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்பது சாஃப்ட்வேர்காரர் புத்தி. நூறு பேரில் இரண்டு பேருக்கு வேலை செய்யவில்லை என்றால் கம்பெனியில் கேக் வெட்டுவார்கள். ரேஷன் கடையில் அந்த இரண்டு பேர் யார்? கல் உடைத்து ரேகை தேய்ந்தவரும், கை நடுங்கும் கிழவியும்.

2017ல் ஜார்க்கண்ட் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்காததால் கார்டு ரத்தாகி அரிசி நின்றுபோனது, பட்டினியில் செத்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. நிலேகனி 2014லேயே தேர்தலில் நிற்கப் போய்விட்டார், அவர் தலையில் இதைக் கட்டவில்லை. நான் சொல்வது அந்தப் பார்வையை. கம்பெனி தன் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், சரிப்படாதவனைக் கழற்றியும் விடலாம். அரசாங்கத்துக்கு அந்த வசதி கிடையாது.

1997ல் வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று ரேஷனை டெல்லி பிரித்தது. தமிழ்நாடோ எல்லோருக்கும் ரேஷன் என்ற பக்கமே நின்றது. கம்பெனிக் கண்ணுக்கு அது வீண் செலவாகத்தான் தெரியும். பணக்காரனுக்கும் கார்டா என்று கேட்பார்கள். பிரிக்க ஆரம்பித்தால் யார் பெயர் முதலில் விட்டுப்போகும் என்பது எக்ஸெல் ஷீட்டில் தெரியாது, வரிசையில் நின்றால் தெரியும்.

"பத்து வருஷம் சம்பாதிச்சுட்டு அப்புறம் பாலிசி பக்கம் வர்றேன்" என்கிற என் வகுப்பு மகராசர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முதல் ஆறு மாதம் ஏதாவது ஒரு தாலுகா ஆபீஸில் வட்ட வழங்கல் பிரிவில் உட்காருங்கள். கார்டில் பெயர் விட்டுப்போன பாட்டிக்குப் பதில் சொல்லுங்கள். அதற்கப்புறமும் ஆசை மிச்சமிருந்தால் டெல்லிக்கு டிக்கெட் நானே எடுத்துத் தருகிறேன் (ஸ்லீப்பர்தான், ஏசியெல்லாம் கேட்கப்படாது).