வினைமுற்று விழும் நேரம்

வேகப்பந்து வீச்சாளரின் கையை விட்டு மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து மட்டையாளரிடம் போய்ச் சேர ஏறத்தாழ அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடிக்குள் தமிழில் ‘வீசினார்’ என்று ஒரு சொல் சொல்லலாம். அதற்குள் மட்டையாளர் அடித்திருப்பார், அல்லது ஸ்டம்ப் பறந்திருக்கும். அரங்கம் எழுந்து கத்திக்கொண்டிருக்கும். நம் வர்ணனையாளரோ ‘ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்பிய பந்தைத் தடுத்தாட முயன்று, அது மட்டைக்கும் காலுக்கும் இடையே புகுந்து’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போவார். அவுட்டா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் வருமுன் கேட்பவருக்குப் பொறுமை போய்விடும்.

குரல் வளம், உச்சரிப்பு, புள்ளிவிவரம், விதிமுறை அறிவு என்று புதிதாக வருகிறவர்களுக்கு நிறையச் சொல்லித் தருகிறோம். வினைமுற்றை எந்த நொடியில் வைப்பது என்று மட்டும் சொல்லித் தருவதில்லை. தமிழ் வர்ணனையின் தரம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வினை கடைசியில் வருவது நம் மொழியின் குறையன்று. வீச்சாளர் ஓடிவரும் நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. ‘பட்டாபிராமன் கேட் முனையிலிருந்து கிளம்பி, வேகம் கூட்டி, நடுவரைத் தாண்டி’ என்று ஒவ்வோர் எச்சமும் ஓர் அடி முன்னே வைக்கிறது. வாக்கியம் முடியவில்லை என்று காதுக்குத் தெரிவதால் கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பந்து கையை விடும் கணத்தில் ‘வீசினார்’ விழ வேண்டும். ஒவ்வொரு வீச்சாளரும் எத்தனை அடி ஓடிவருகிறார் என்று பார்த்து எச்சங்களைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்துகொண்டால் இது கைவரும். சுழற்பந்து வீச்சாளருக்கு இரண்டு எச்சம் போதும்.

பந்து மட்டையை அடைந்ததும் முறை தலைகீழாக மாற வேண்டும். முடிவு முதலில், காரணம் பிறகு. ‘போல்டு!’ என்று சொல்லிவிட்டால், பந்து எங்கே விழுந்தது, எப்படித் திரும்பியது என்பதை ஆற அமரச் சொல்ல நேரம் இருக்கிறது. கேட்சுக்கும் அப்படித்தான். தமிழ் வினைமுற்று எழுவாயைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் ‘பிடித்துவிட்டார்’ என்ற ஒரே சொல் முழு வாக்கியமாகிவிடும். இதில் ஒரு பள்ளமும் உண்டு. மரியாதை விகுதி களத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒன்றுதான். ‘அடித்தார், ஓடினார், எறிந்தார், பிடித்தார்’ என்று போனால் யார் எதைச் செய்தார் என்றே தெரியாது. ஆகவே வினை விழுந்த கையோடு பெயர் வர வேண்டும்: ‘பிடித்துவிட்டார் ஜடேஜா, பாயிண்டில்!’ எழுத்துத் தமிழின் வரிசை இங்கே கலைகிறது. ஆனால் பேசும்போது நாம் எல்லோரும் நாள்தோறும் இப்படித்தான் கலைக்கிறோம். ‘வந்துட்டான் உன் தம்பி’ என்றுதானே வாசலில் நிற்பவர் உள்ளே குரல் கொடுப்பார்?

சென்னை வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்ன கூத்தபிரான், ராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ஆகியோரின் பெயர்களை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கூத்தபிரானும் அப்துல் ஜப்பாரும் வானொலி நாடகத்தில் பழகியவர்கள். வசனத்தின் எடை எந்தச் சொல்லில் இருக்கிறது, அதற்கு முன் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது நாடகக்காரருக்கு இயல்பாகவே தெரியும். மூவரில் எனக்கு மிகப் பிடித்தவர் அப்துல் ஜப்பார். 2020-இல் மறைந்த அவரைக் கணீரென்ற குரலுக்காகவே எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். குரலைக் காட்டிலும் அவருடைய நிதானம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விக்கெட் விழுந்த பரபரப்பிலும் அவர் சொல் சிதையாது. டிரான்சிஸ்டரோடு அரங்கத்துக்குப் போய், கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தையே வானொலியிலும் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் நம்மூரில் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் 1950-களின் கடைசியில் பேஸ்பால் ரசிகர்களும் வின் ஸ்கல்லியின் குரலை இப்படித்தான் கேட்டார்கள். தாங்கள் பார்த்ததை இன்னொருவர் ஒழுங்காகச் சொல்லக் கேட்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு இருந்திருக்கிறது. அந்த நிறைவைத் தருவதற்குத்தான் நாம் மைக் முன்னால் உட்கார்கிறோம்.

பிரிட்டனில் நேரடி விளையாட்டு வர்ணனை தொடங்கியது 1927 ஜனவரியில், ட்விக்கென்ஹாம் மைதானத்தில் நடந்த இங்கிலாந்து – வேல்ஸ் ரக்பி ஆட்டத்தில். வர்ணித்த டெடி வேக்லமுக்கு முன்மாதிரி என்று யாரும் கிடையாது. பார்வையற்ற ஒருவரை அவருக்கு முன்னால் உட்கார வைத்து, இவருக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள் என்றார்கள். அடுத்த வாரம் ஆர்சனல் ஆடிய கால்பந்துப் போட்டிக்கு, மைதானத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்த படத்தை ரேடியோ டைம்ஸ் இதழ் அச்சிட்டது. பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்னொரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பார்க்க முடியாதவருக்கு முதலில் தேவைப்படுவது இடம் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். தமிழில் இது தானாகவே அமைகிறது. ‘கவருக்கும் மிட் ஆஃபுக்கும் நடுவே’ என்று இடம் முதலில் வந்துவிடும், ‘ஓடுகிறது பந்து’ என்பது பிறகுதான். இவ்வளவு வசதியான மொழியை வைத்துக்கொண்டு ‘அருமையான ஷாட்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜான் ஆர்லட்டைப் பற்றிச் சொல்லாமல் கிரிக்கெட் வர்ணனையைப் பேச முடியாது. போலீஸ்காரராக இருந்து, பிபிசியில் கவிதை நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளராகி, 1946-இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது வர்ணனைக்கு வந்தவர். 1948-இல் ஓவலில் பிராட்மன் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை ஆட வந்தபோது மைக் ஆர்லட் கையில் இருந்தது. சராசரி 100 ஆக 4 ஓட்டங்கள் வேண்டும். இரண்டாவது பந்தில் ஹோலிஸ் அவரை வீழ்த்தினார். விக்கெட் விழுந்ததைச் சொன்ன கையோடு ஆர்லட் தந்தது ஆளின் பெயர், ஆட்டமிழந்த விதம், வீழ்த்தியவர், பூஜ்யம், இவ்வளவுதான். அதன் பிறகே, இத்தனை பெரிய வரவேற்பைப் பெற்றுவிட்டு நிற்கும் ஒருவருக்குப் பந்து சரியாகத் தெரிந்திருக்குமா என்று யோசித்தார். கவிதையில் ஊறிய மனிதர் அந்த வரியில் வினைமுற்றே இல்லாமல் பேசினார். ‘பிராட்மன், போல்டு, ஹோலிஸ், பூஜ்யம்’ என்று தமிழும் வினையின்றி நிற்கும். ஸ்கோரையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ‘இந்தியா 4 விக்கெட்டுக்கு 120’ என்பதில் எதுவும் குறையவில்லை. ‘120 ஓட்டங்களை எடுத்திருக்கின்ற நிலையில் இருந்துகொண்டிருக்கிறது’ என்பது காற்றில் போகும் நேரம். ஸ்கோரை அடிக்கடி சொல்ல மறந்துவிடக் கூடாது என்பதற்காக, ஸ்கல்லியின் குருவான ரெட் பார்பர் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை எதிரே வைத்திருந்தார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். நம் வர்ணனைப் பெட்டியிலும் ஒன்று இருக்கலாம்.

மௌனத்தைப் பற்றி ரிச்சி பெனோவைக் காட்டிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவரிடம் எனக்கு அதிகம் பிடித்தது வேறு. 2005 ஆஷஸ் தொடரின் கடைசி டெஸ்டில், இங்கிலாந்து ரசிகர்களிடம் அவர் விடைபெற்றுக்கொண்டிருந்த அந்தப் பேச்சின் நடுவிலேயே மெக்ராத் பீட்டர்சனை போல்டாக்கினார். பெனோ தம் பேச்சை முறிக்கவில்லை. விக்கெட்டை அதற்குள்ளேயே சேர்த்துக்கொண்டு, தொடங்கியதை முடித்தார். எந்த நொடியிலும் ஆட்டம் உள்ளே நுழைய இடம்விட்டுப் பேசியவரால்தான் அது முடியும். ஸ்கல்லி, 1974-இல் பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் 715ஆவது ஹோம் ரன் அடித்ததும் அதைச் சொல்லிவிட்டு, அட்லாண்டா கூட்டத்தின் ஆரவாரத்தை வெகுநேரம் அப்படியே ஒலிக்க விட்டார். அதன்பின், அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பினத்தவருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டுவதன் பொருளைச் சில சொற்களில் சொன்னார். உணர்ச்சியைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் தாம் எடுத்துக்கொண்டார்.

வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. அலங்காநல்லூர் வாடிவாசலில் மைக் பிடிப்பவரைக் கூர்ந்து கேளுங்கள். மாடு வருமுன் எந்த ஊர், யார் மாடு, பிடித்தால் என்ன பரிசு என்று நீளமாகப் பேசுவார். மாடு பாய்ந்து வந்ததும் ‘ஒருத்தர் மட்டும் பிடி, வாலைப் பிடிக்காதே’ என்று ஏவல் வினைகள்தான். முடிந்ததும் ‘மாடு ஜெயிச்சது!’ என்ற தீர்ப்பு. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, குறுக்க வேண்டிய இடத்தில் குறுக்கும் இந்த ஒழுங்கு யாரும் வகுப்பெடுத்து வந்ததில்லை. கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அங்கும் இதே கணக்கு பொருந்தும்.

2017-இல் தமிழுக்கென்று தனி விளையாட்டு அலைவரிசை வந்த பின் நம் தொழிலுக்கு வேலையும் வருமானமும் பெருகியிருக்கின்றன. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், பதானி போன்ற ஆடியவர்கள் தமிழில் பேச வந்தது பெரிய வரவு. பந்தின் தையல் எந்தப் பக்கம் நின்றது என்று அவர்கள் சொல்லும்போது முன்பு ஆங்கிலத்தில் மட்டும் கிடைத்த அறிவு நம் வீட்டுக் கூடத்துக்கு வருகிறது. சினிமா வசனங்களையும் நான் வெறுக்கவில்லை. பந்துக்கும் பந்துக்கும் இடையில் சிரிப்புக்கு இடம் நிறைய இருக்கிறது. விக்கெட்டின் மேல் வசனம் விழும்போதுதான் கோபம் வருகிறது. அந்த வசனம் முன்பே தயாராக இருந்தது, ஆட்டம் அப்போதுதான் நடந்தது. இரண்டும் ஒட்டாது.

நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் வர்ணனை பெரும்பாலும் மைதானத்தில் இல்லாமல் ஸ்டூடியோவில் மானிட்டரைப் பார்த்தே சொல்லப்படுகிறது. கேமரா காட்டாததை நம்மாலும் காண முடியாது. பந்து வீசுமுன் ஃபைன் லெக் பத்து அடி உள்ளே வந்ததை எப்படிச் சொல்வது? முழு மைதானத்தையும் அசையாமல் காட்டும் இரண்டாவது மானிட்டர் ஒன்றை ஒவ்வொரு வர்ணனைப் பெட்டியிலும் வையுங்கள். ஒரே நேரத்தில் நான்கு பேரைப் பேச விடுவதையும் நிறுத்துங்கள். பந்து ஓடும்போது ஒரு குரல், நின்ற பின் இன்னொன்று. அது போதும்.

இளைஞர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். ஒலியை அணைத்துவிட்டு ஓர் ஓவரை வர்ணித்து, கைபேசியில் பதிவு செய்து, கேட்டு எழுதுங்கள். பந்து கையை விட்ட கணத்தையும் மட்டையை அடைந்த கணத்தையும் கோடிட்டு, உங்கள் வினைமுற்றுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அடுத்த இதழிலிருந்து, தேர்ந்த ஓவர்களை இப்படிக் குறியிட்டு வெளியிடப் போகிறோம். அதற்குப் பழைய சென்னை வானொலி வர்ணனைகள் வேண்டும். வீட்டில் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்த கேசட்டுகள் யாரிடமாவது இருந்தால், ஓர் ஓவராக இருந்தாலும் சரி, இரைச்சல் கலந்திருந்தாலும் சரி, படியெடுத்து அனுப்புங்கள். கேசட்டைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.