கிளினிக்குக்கு காப்பு இருக்கு... சிகிச்சைக்கு இருக்கா?

கடலூர்–

திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், சிதம்பரத்தில் தேரோடும் வீதிகள்... எங்கே பார்த்தாலும் கீழே மருந்துக்கடை, மாடியில் கிளினிக். மாலையானால் டோக்கன் வாங்கிய கூட்டம் படிக்கட்டு வரை நிற்கிறது.

இந்த கிளினிக்குகளுக்கு இன்சூரன்ஸ் உண்டா? "அது டாக்டர் பாடு, நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. தவறு நடந்தால் நஷ்டஈடு கேட்டு நிற்கப் போவது நாம்தான்!

புயலும் வெள்ளமும்

2011 டிசம்பர் 30-ந்தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரை கடந்தது. 2015-ல் பெருவெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், 'பெஞ்சல்' புயலை அடுத்து தென்பெண்ணையாறு கரைபுரண்டது.

தீ விபத்து பாலிசியிலேயே புயல், வெள்ளச் சேதமும் சேரும். ரூ.5 கோடி வரை சொத்துள்ள சிறு நிறுவனங்களுக்கென்று 2021 ஏப்ரல் 1 முதல் தனி பாலிசியும் இருக்கிறது.

ஆனால் கட்டிட சொந்தக்காரர் கட்டிடத்துக்கு எடுத்த பாலிசியில், வாடகைக்கு இருக்கும் டாக்டரின் ஸ்கேன் மிஷினுக்கு ஒரு பைசா வராது. அதற்கு அவரே எடுக்க வேண்டும். அதிலும், பிரீமியம் குறையட்டும் என்று ரூ.20 லட்சம் மிஷினை ரூ.10 லட்சத்துக்கு எழுதினால், ரூ.4 லட்சம் சேதத்துக்கு ரூ.2 லட்சம்தான் தேறும்!

கை தவறினால்?

சிகிச்சையில் தவறு நடந்தால் இந்த பாலிசி உதவாது. அதற்கு டாக்டர் தனியாக தொழில் பொறுப்பு பாலிசி எடுத்திருக்க வேண்டும்.

கட்டணம் வாங்கும் டாக்டர் மீது நுகர்வோர் வழக்கு போடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995 நவம்பர் 13-ந்தேதியே தீர்ப்பு சொல்லிவிட்டது. சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு, உரிய காலத்தில் கண் பரிசோதனை செய்யாததால் பார்வை போனது. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கொடுக்கச் சொன்ன நஷ்டஈடு சுமார் ரூ.1.80 கோடி! பெரும்பகுதி அரசு தலையில்.

அரசு கஜானாவில் இருந்து கொடுக்கும். மாடி கிளினிக் டாக்டர் எங்கே போவார்? அப்பீல், அப்பீல் என்று வருஷக்கணக்கில் இழுக்கும். கையில் தீர்ப்பு இருக்கும்; பணம் இருக்காது.

விட்டால் போச்சு

சிகிச்சை நடந்த அன்று பாலிசி இருந்தால் மட்டும் போதாது. புகார் வரும்போதும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். நுகர்வோர் வழக்கு போட 2 வருஷம் அவகாசம் உண்டு. இடையில் பிரீமியம் கட்டாமல் விட்டால் பழைய பாதுகாப்பும் போச்சு.

குடித்துவிட்டு பார்த்த வைத்தியத்துக்கும், கிரிமினல் குற்றத்துக்கும் கம்பெனி பணம் தராது. நர்ஸ், கம்பவுண்டர் செய்யும் தவறு சேருமா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். படிக்கட்டில் வழுக்கி விழுந்தவருக்கோ பொதுப் பொறுப்பு பாலிசி என்று வேறொன்று!

ரோட்டில் ஓடும் மொபட்டுக்கே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். உயிரோடு விளையாடாத தொழிலா வைத்தியம்? டாக்டர்கள் யோசிக்கட்டும். நாமும் பில்லையும் மருந்துச் சீட்டையும் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைப்போம்!