முதல் மழை கழுவிச் செல்வது

நீண்ட வெயிலுக்குப் பின் ஒரு பலத்த மழை பெய்தால், தெரு சுத்தமாகிவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். தெருவைக் கழுவிய நீர் எங்கே சென்றது என்று கேட்போர் குறைவு. கோபிசெட்டிபாளையத்தின் தரை, வடக்கே பவானி ஆற்றை நோக்கிச் சரிந்தது. சாக்கடையில் இறங்கும் மழைநீர் ஓடையைச் சேரும். ஓடை வாய்க்காலையும் ஆற்றையும் நாடிச் செல்லும். மழையின் வேகத்தில் விரையும் அந்நீரை வழியில் நிறுத்திச் சுத்திகரிப்பார் எவரும் இலர்.

கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கின்றன. நாற்று நடுவோரும் களையெடுப்போரும் அவ்வயல்களில் வெறுங்காலுடன் மணிக்கணக்கில் நிற்கின்றனர். எனவேதான் சாக்கடையைப் பற்றி மருத்துவர்களாகிய நாங்கள் எழுதவேண்டியுள்ளது.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயின் கிருமி, எலி, நாய், கால்நடை ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறுவது. ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் அது வாரக்கணக்கில் உயிர்த்திருக்கும். காலிலுள்ள சிறு வெட்டு, பித்தவெடிப்பு, சேற்றுப்புண் எதுவாயினும் அதற்கு வாசலாகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் தோன்றும், கண்கள் சிவக்கும். பலருக்கு இது தானே தணிந்துவிடும். சிலருக்கோ மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் ஏற்பட்டு டயாலிசிஸ் வரை செல்ல நேரும். 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளநீரில் நடந்து வீடு சேர்ந்தோர் பலரை அடுத்தடுத்த வாரங்களில் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது இந்நோயே.

ஆற்று மாசு என்றவுடன் கொங்கு நாட்டில் நம் நினைவுக்கு வருவது நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையுமே. சாயக்கழிவைப் பற்றி நாம் சினம் கொள்வது நியாயம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆலைக்குழாய்க்கு ஒரு முகவரி இருந்தது. ஆதலால் அதை அடைக்க ஆணையிட முடிந்தது. தெருவில் ஓடும் மழைநீருக்கு முகவரி இல்லை. பட்டறை வாசலில் சிந்திய எண்ணெய், கட்டுத்தரையின் கோமியம், இறைச்சிக்கடைக் கழிவு, வயலுக்கு இட்ட யூரியா, நாம் வீசிய நெகிழிப்பை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அதன் மாசு. யார் மீது வழக்குத் தொடுப்பது? ஆலையைக் குறைகூறும் உரிமை நமக்கு உண்டு. ஆயினும் அதைச் சொல்லிக்கொண்டே நம் வீட்டுக் குப்பையைச் சாக்கடைக்குள் தள்ளுவது எங்களுக்கு உடன்பாடில்லை.

சாணமும் கோமியமும் நமக்கு அருவருப்பான பொருள்கள் அல்ல. மண்ணுக்கு அவை உணவு. குடிநீரில் கலக்கும்போதோ கதை வேறு. கனடாவில் வாக்கர்டன் என்னும் சிற்றூரில் 2000 மே மாதம் பெய்த கனமழை, வயலில் இட்டிருந்த மாட்டெருவின் கிருமிகளை ஊர்க் கிணறு ஒன்றில் சேர்த்தது. குளோரின் கலக்கும் பணியும் முறையாக நடக்கவில்லை. சுமார் 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. எருவிட்ட உழவர் விதிப்படியே நடந்தவர் என்று விசாரணையில் தெரியவந்தது. தீய எண்ணம் எவருக்கும் இல்லாமலே இத்தகைய கேடு நேரலாம் என்பதால்தான் இந்நிகழ்ச்சியை இங்கே குறிப்பிடுகிறோம்.

மாடு வளர்ப்போர் எருக்குழியைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்கு மண்கரை எடுத்தால் பெருமளவு எருநீர் உள்ளேயே தங்கும். அது உரத்துக்கும் ஆதாயம். மழை வரும் அறிகுறி தெரியும் நாளில் யூரியா இடாதிருப்பதும் அவ்வாறே. வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரைக்கு, வயலிலிருந்து கரைந்தோடும் உரமும் தீனியே. வண்டிக்கு எண்ணெய் மாற்றினால் பழைய எண்ணெயைப் பட்டறையிலேயே சேகரித்து வைக்கச் சொல்லவேண்டும்.

வீடுகளைப் பொறுத்தவரை எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. சாணம் தெளித்துக் கோலமிட்ட மண்வாசல்கள் போய், சுவர் முதல் சாலை வரை சிமெண்டுக் கற்கள் பதிக்கப்படுகின்றன. மண்ணில் இறங்கும் நீர் தெருவைக் கழுவுவதில்லை. சிமெண்டில் விழும் நீர் முழுதும் சாக்கடைக்கே ஓடுகிறது. வாசலில் ஓரடி அகல மண்ணையாவது விட்டுவைக்கலாம். மழைநீர்ச் சேகரிப்பு தமிழகத்தில் 2003 முதலே அனைத்துக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அன்று அமைத்த தொட்டிகளுள் பல இன்று தூர்ந்து கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் அவற்றின் மணலையும் கல்லையும் எடுத்துக் கழுவி இட்டால் போதும். சாக்கடையில் வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்திருக்கக் கண்டால் நகராட்சிக்குத் தெரிவியுங்கள். அடுத்த மழை அதை மீண்டும் உள்ளே இழுத்துவிடும்.

இம்மடலைப் படிப்போர் நோயாளிகளும் உடனிருப்போரும் ஆதலின், இன்னும் ஒன்று. இன்சுலின் ஊசிகளையும் மிஞ்சிய மாத்திரைகளையும் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ எறிவது வழக்கமாகிவிட்டது. சேற்றில் புதைந்த ஊசி, களையெடுக்கும் ஒரு பெண்ணின் காலில் ஏறும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இவற்றை வீட்டு அபாயக் கழிவு எனத் தனியே பிரிக்கச் சொல்லின. ஊசிகளைத் தடித்த நெகிழிப் புட்டியில் இட்டு மூடி, அடுத்த முறை வரும்போது செவிலியரிடம் கொடுங்கள். மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுவாருங்கள்.

வயலிலோ தேங்கிய மழைநீரிலோ இறங்க நேர்ந்தால் கால்களைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். புண் இருப்பின் மூடிய காலணி அணியாமல் இறங்கவேண்டாம். அதற்குப் பின் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக் காத்திராது மருத்துவரிடம் வாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும், நீரில் நின்றதை நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு செய்தி, எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதையே மாற்றிவிடும்.